14 நாளுக்கு மேலும் குழந்தைக்கு மஞ்சளா? ஸ்கேனுக்கு முன்பே மலத்தின் நிறத்தைப் பாருங்கள்

(நமது சங்கத்தின் நலவாழ்வுச் சந்திப்பில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற குழந்தைகள் ஸ்கேன் மருத்துவர் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, "சர்க்கரை, பிரஷர் பற்றிப் பேசுங்கள் டாக்டர், ஹால் நிறைந்துவிடும்" என்றார். அதைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் வளாகத்தில் இப்போது எட்டு வீடுகளில் கைக்குழந்தைகள் இருக்கின்றன. இரண்டு வீடுகளில் அண்மையில்தான் வளைகாப்பு நடந்தது. அந்தப் பத்து வீடுகளுக்காகவும், அங்கே குழந்தையைக் குளிப்பாட்டித் துணி மாற்றும் பாட்டிமார்களுக்காகவும் இன்று பேசுகிறேன்.

பச்சைக்குழந்தைகளின் பித்தநாளக் கோளாறுகளை ஸ்கேன் மூலம் எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்பதுதான் தலைப்பு. கேட்கக் கடினமாக இருக்கிறது. விஷயம் எளிது. முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ரிப்போர்ட்

பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் ஒரு ஸ்கேன் மையத்தில் வேலை பார்த்தபோது, பிறந்து 36 நாளான பெண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். கண்ணில் மஞ்சள் குறையவில்லை என்று அனுப்பியிருந்தார்கள். தூரத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள். குழந்தை அழுததால் அம்மா வெளியே உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். நான் ஸ்கேன் செய்தேன். பித்தப்பை சுருங்கிச் சின்னதாகத் தெரிந்தது. பால் குடித்தால் பித்தப்பை சுருங்கத்தான் செய்யும். அப்படியே எழுதினேன்: "பால் குடித்ததால் பித்தப்பை சுருங்கியுள்ளது. கல்லீரல் இயல்பாக உள்ளது."

நான்கு மணி நேரம் கழித்து, வெறும் வயிற்றில் இன்னொரு முறை பார்த்திருக்க வேண்டும். வெளியே கூட்டம் காத்திருந்தது, அவர்களுக்கும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான் விட்டுவிட்டேன். போகும்போது பாட்டி கேட்டார்: "புள்ள நல்லாருக்காளா டாக்டரம்மா?" நான் சொன்னேன்: "பயப்பட ஒண்ணுமில்ல பாட்டிம்மா."

அந்தக் குழந்தை 94ஆம் நாள் திரும்ப வந்தது. வயிறு உப்பியிருந்தது, கல்லீரல் இறுகியிருந்தது. என்னுடைய பழைய ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்கள். "ஸ்கேன் நார்மல்னு சொன்னீங்களே, அதனாலதான் வேற எங்கயும் போகல" என்றார் அந்த அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

அந்த இடைப்பட்ட 58 நாட்கள் ஏன் முக்கியம் என்பதுதான் இன்றைய பேச்சு.

பித்தம் எங்கே போகிறது?

நம் பேச்சுவழக்கில் பித்தம் என்றால் தலைசுற்றல், வாய்க்கசப்பு என்று பல பொருள் உண்டு. நான் சொல்லும் பித்தம், கல்லீரல் சுரக்கும் மஞ்சள் பச்சைச் சாறு. அது சிறு நாளங்கள் வழியே ஒன்றுசேர்ந்து, பித்தப்பையில் கொஞ்சம் தங்கி, பொதுப் பித்தநாளம் வழியாகக் குடலுக்குள் இறங்குகிறது. கொழுப்பைச் செரிக்க அது வேண்டும். மலத்துக்கு மஞ்சள், பழுப்பு நிறம் தருவதும் அதுதான்.

மேல் வீட்டுக் குழாய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அடுக்குமாடியில் இருக்கும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் கீழே போகாது, அந்த வீட்டுக்குள்ளேயே தேங்கும். பித்தநாளம் அடைபட்டாலும் அதேதான். குடலுக்குப் பித்தம் போகாது, ஆகவே மலம் வெளுக்கிறது. பித்தத்தின் நிறமி ரத்தத்தில் கலந்து சிறுநீரில் வெளியேறுகிறது, ஆகவே சிறுநீர் அடர்மஞ்சளாகிறது. தேங்கிய பித்தம் கல்லீரலை நாளுக்கு நாள் தழும்பாக்கி இறுக வைக்கிறது.

குழந்தைகளில் இதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று, பிலியரி அட்ரீசியா. கல்லீரலுக்கு வெளியே உள்ள பித்தநாளம் அழற்சியால் சுருங்கி, நார்போல மூடிக்கொள்வது. ஜப்பானில் ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. தைவானில் இன்னும் அதிகம், ஐரோப்பாவில் குறைவு. இரண்டாவது, கோலிடோக்கல் சிஸ்ட். நாளம் மூடிக்கொள்ளாமல் பலூன்போல வீங்கிப் பையாகிவிடுவது. இது பெண் குழந்தைகளுக்கும் ஆசிய நாட்டவருக்கும் அதிகம் வருகிறது.

எல்லா மஞ்சளும் ஒன்றல்ல

பயமுறுத்துவது என் நோக்கமல்ல. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தெரியும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மறைந்துவிடும். தாய்ப்பால் குடிக்கும் சில குழந்தைகளுக்கு அதற்கு மேலும் நீடிக்கும், அதுவும் கெடுதலில்லை.

குழப்பம் இங்கேதான். தாய்ப்பால் மஞ்சளும் அடைப்பினால் வரும் மஞ்சளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அட்ரீசியா உள்ள குழந்தை முதல் மாதத்தில் நன்றாகப் பால் குடிக்கும், எடை கூடும், சிரிக்கும். நோயாளிபோலத் தெரியவே தெரியாது. "கொழுகொழுன்னு இருக்கான், இவனுக்கென்ன?" என்று எல்லோரும் சொல்வார்கள்.

இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. பிலிரூபின் மொத்தம் எவ்வளவு என்பதோடு, அதில் டைரக்ட் எவ்வளவு என்று தனியாகப் பார்க்க வேண்டும். டைரக்ட் பிலிரூபின் 1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அதைத் தாய்ப்பால் மஞ்சள் என்று விட்டுவிடக் கூடாது. நிறைமாதக் குழந்தைக்கு 14 நாளுக்கு மேலும் மஞ்சள் இருந்தால் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். செலவு அதிகமில்லை. குறைமாதக் குழந்தை என்றால் 21 நாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கேன் என்ன சொல்லும், எதைச் சொல்லாது

டைரக்ட் பிலிரூபின் கூடியிருந்தால் அடுத்தது வயிற்று அல்ட்ராசவுண்ட். இதற்குக் குழந்தை சுமார் நான்கு மணி நேரம் பால் குடிக்காமல் இருக்க வேண்டும். மிகச் சின்னக் குழந்தைக்கு எவ்வளவு நேரம் என்பதை டாக்டர் சொல்வார். அப்போதுதான் பித்தப்பை நிரம்பியிருக்கும். நிரம்ப வேண்டிய நேரத்திலும் பித்தப்பை தென்படவில்லை, அல்லது குட்டையாக, சுவர் ஒழுங்கில்லாமல் இருக்கிறது என்றால் சந்தேகம் வலுக்கும்.

இன்னொரு அடையாளம், கல்லீரலுக்குள் பெரிய ரத்தக்குழாய் நுழையும் இடத்தில் முக்கோண வடிவில் தெரியும் வெள்ளைத் தழும்பு. மூடிப்போன நாளத்தின் மிச்சம் அது. அதன் தடிமன் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அட்ரீசியாவாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். கோலிடோக்கல் சிஸ்ட் என்றால் வேலை எளிது. தண்ணீர் நிறைந்த பை திரையில் கறுப்பாகத் தெரிந்துவிடும்.

இந்த அடையாளங்கள் இருந்தால் நோய் இருக்கிறது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். இல்லாவிட்டால், நோய் இல்லை என்று சொல்ல முடியாது. அட்ரீசியா உள்ள சில குழந்தைகளுக்குப் பித்தப்பை நன்றாகவே தெரியும். தொடக்கத்தில் அந்தத் தழும்பு கண்ணில் படாமலும் போகலாம். அன்று நான் எழுதியதில் இல்லாமல்போன வரி இதுதான்.

அடுத்தது ஹைடா ஸ்கேன். டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை மிகச் சிறிய அளவில் ஊசியில் செலுத்துவார்கள். கல்லீரல் அதை எடுத்துப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறதா என்று கேமரா பார்க்கும், தேவைப்பட்டால் 24 மணி நேரம் வரை. பல இடங்களில் முன்னதாக ஐந்து நாள் பினோபார்பிட்டோன் மருந்து கொடுப்பார்கள். மருந்து குடலுக்கு வந்துவிட்டால் நாளம் திறந்திருக்கிறது என்று நிம்மதி அடையலாம். வராவிட்டால் அடைப்பாகவும் இருக்கலாம், கல்லீரல் சோர்ந்துபோய் வேலை செய்யாததாகவும் இருக்கலாம். குழந்தைக்கு ஏற்கெனவே 50 நாள் தாண்டிவிட்டது என்றால், இந்த ஐந்து நாளைச் செலவழிக்க விரும்பாமல் நேராக அடுத்த படிக்குப் போகும் டாக்டர்களும் உண்டு. அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. ஸ்கேன், சிஸ்ட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அறுவைச் சிகிச்சை டாக்டருக்கு வரைபடம்போலக் காட்டும். அட்ரீசியாவுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. பச்சைக்குழந்தையின் நாளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான், குழந்தையும் மூச்சை அடக்கிக்கொண்டு படுக்காது.

ஊசி மூலம் கல்லீரலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியும் பெரிதும் உதவும். முடிவான தீர்ப்பு பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரில்தான். பித்தப்பைக்குள் சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். இதன் பெயர் கோலாஞ்சியோகிராம். சாயம் ஒருபுறம் கல்லீரலுக்குள்ளும் மறுபுறம் குடலுக்குள்ளும் ஓடினால் அடைப்பில்லை, அத்தோடு தையல் போட்டு முடித்துவிடுவார்கள். ஓடாவிட்டால் அதே மேஜையில் சிகிச்சை தொடங்கிவிடும்.

60 நாள் கணக்கு

சிஸ்ட் என்றால் அந்தப் பையை அகற்றிவிட்டுக் குடலோடு நாளத்தை இணைப்பார்கள். பெரும்பாலான குழந்தைகள் நலமாகிவிடுவார்கள்.

அட்ரீசியாவுக்கான அறுவைச் சிகிச்சைக்குக் கசாய் என்று பெயர். ஜப்பானின் செண்டாய் நகரில், தோஹோகு பல்கலைக்கழகத்தில் மோரியோ கசாய் என்ற மருத்துவர் 1955இல் முதன்முதலில் செய்தார். அதுவரை இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்ய முடியாது என்றே உலகம் நினைத்திருந்தது. மூடிப்போன நாளத்தை அகற்றிவிட்டு, கல்லீரலின் வாயிலிலேயே குடலின் ஒரு வளையத்தைக் கொண்டுபோய்த் தைப்பதுதான் அந்த முறை. கல்லீரலில் மிஞ்சியிருக்கும் நுண்ணிய நாளங்களிலிருந்து பித்தம் நேராகக் குடலுக்குள் சொட்டும்.

அந்த நுண்ணிய நாளங்கள் மிஞ்சியிருக்கும்போதே செய்ய வேண்டும். 60 நாளுக்குள் செய்தால் நல்லது, 45 நாளுக்குள் என்றால் இன்னும் நல்லது. நாள் ஆக ஆகப் பித்தம் ஓடும் வாய்ப்பு குறைகிறது. சரியான நேரத்தில் செய்தாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் பலிக்காது. பலித்தவர்களிலும் பலருக்குப் பின்னாளில் கல்லீரல் மாற்று தேவைப்படும். ஆனாலும் சொந்தக் கல்லீரலோடு வளரும் ஒவ்வோர் ஆண்டும் அந்தக் குழந்தைக்கு லாபம்தான்.

கல்லீரல் மாற்று என்றவுடன் மனம் உடைய வேண்டாம். இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று 1998இல் டெல்லியில், இதே அட்ரீசியாவுக்காகத்தான் நடந்தது. காஞ்சிபுரத்துக் குழந்தை. கல்லீரலின் ஒரு பகுதியைத் தந்தவர் அப்பா. அந்தக் குழந்தை வளர்ந்து இன்று மருத்துவராக இருக்கிறார்.

நீங்கள் செய்ய வேண்டியது

தைவானில் 2004 முதல் நாடு முழுவதும் பெற்றோருக்கு ஒரு நிற அட்டை கொடுக்கிறார்கள். குழந்தையின் மலம் எந்த நிறத்தில் இருந்தால் சரி, எந்த நிறத்தில் இருந்தால் டாக்டரிடம் ஓட வேண்டும் என்று அதில் படம் போட்டிருக்கும். அதன்பின் அங்கே 60 நாளுக்குள் அறுவைச் சிகிச்சை கிடைக்கும் குழந்தைகளின் பங்கு உயர்ந்தது. ஜப்பானில் 2012 முதல் தாய் சேய் நலக் கையேட்டிலேயே அந்த அட்டை இருக்கிறது. ஒரு காகிதத் துண்டு, அவ்வளவுதான். நம் வீட்டில் அதை நாமே செய்யலாம்.

குழந்தையின் மலத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நம் வீடுகளில் பலர் மஞ்சள் நிற எல்.இ.டி. விளக்கு போட்டிருக்கிறோம், அதில் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும். பால்கனிக்குக் கொண்டுவந்து பாருங்கள். கடுகு மஞ்சள், பச்சை, பழுப்பு எல்லாம் சரி. சுண்ணாம்பு, களிமண், வெளிர்ந்த சந்தன நிறம் என்றால் சரியில்லை. நிறம் ஒரே நாளில் மாறாது. முதல் வாரம் மஞ்சளாக இருந்து மெல்ல மெல்ல வெளுக்கலாம், தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாமல் போகும். ஆகவே வாரம் ஒருமுறை போனில் படம் எடுத்து வையுங்கள். டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட வேண்டாம். எங்களுக்கு அது ஸ்கேன் படத்துக்குச் சமம்.

சிறுநீரையும் பாருங்கள். பச்சைக்குழந்தையின் சிறுநீர் தண்ணீர்போல இருக்க வேண்டும், துணியில் மஞ்சள் கறை படியக் கூடாது. டயப்பர் எல்லாவற்றையும் உறிஞ்சி மறைத்துவிடும். நாளில் சில மணி நேரமாவது வெள்ளைத் துணி கட்டுங்கள்.

தொப்புளிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தாலும், அடிபடாமலே தோல் கன்றினாலும் அன்றைக்கே போக வேண்டும். குடலில் பித்தம் இல்லாவிட்டால் வைட்டமின் கே உடலில் சேராது. ரத்தம் உறையாமல் மூளைக்குள்ளும் கசியக்கூடும்.

கடைசியாக, 45ஆம் நாள் ஊசி. "எப்படியும் ஊசி போடப் போவோமே, அப்போது கேட்டுக்கொள்ளலாம்" என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்குத் தொடங்கினால், பரிசோதனைகள் முடிவதற்குள் 60 நாள் ஓடிவிடும். 15ஆம் நாளே கேளுங்கள்.

உறுப்பினர்கள் கேட்டவை

*காலை இளவெயிலில் காட்டினால் மஞ்சள் போய்விடாதா?*

சாதாரண மஞ்சளுக்கு வெளிச்சம் ஓரளவு உதவும். ஆஸ்பத்திரியில் வைக்கும் நீல விளக்கின் தத்துவமும் அதுதான். அடைப்பினால் வரும் மஞ்சளை எந்த வெளிச்சமும் போக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் வெயிலை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

*கீழாநெல்லி கொடுக்கலாமா? எங்கள் வீட்டில் வழக்கம்.*

பச்சைக்குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். மூடிய நாளத்தை எந்த மூலிகையும் மாத்திரையும் திறக்காது. மருந்தை விட, அது வேலை செய்கிறதா என்று பார்த்திருக்கும் மூன்று வாரம்தான் பெரிய நஷ்டம்.

*கர்ப்பகால ஸ்கேன் எல்லாம் நார்மல். அப்படியும் வருமா?*

வரும். சிஸ்ட் சில சமயம் கர்ப்பத்திலேயே தெரியும். அட்ரீசியா பெரும்பாலும் தெரியாது. இதற்குத் தாயின் உணவோ நடையோ காரணமில்லை. மருமகளைக் குறை சொல்ல இதில் இடமே இல்லை.

*இத்தனை ஸ்கேன் குழந்தைக்குக் கெடுதலில்லையா?*

அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் கதிர்வீச்சு கிடையாது. ஹைடாவில் சிறிதளவு உண்டு, அந்தப் பொருளின் வீரியம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். தேவைக்குச் செய்தால் பயமில்லை.

*அந்தக் குழந்தை என்ன ஆனாள் டாக்டர்?*

94ஆம் நாளுக்குப் பிறகு அறுவைச் சிகிச்சை நடந்தது. பித்தம் போதிய அளவு ஓடவில்லை. ஒன்றரை வயதில் அம்மாவின் கல்லீரலில் ஒரு பகுதியை வைத்தார்கள். இன்று பள்ளிக்குப் போகிறாள், தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள். 36ஆம் நாளே கண்டுபிடித்திருந்தால் அம்மாவும் மகளும் இதெல்லாம் இல்லாமல் தப்பித்திருப்பார்களா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்திருக்கும்.

அதன்பின் ஓய்வுபெறும்வரை, மஞ்சளோடு வந்த எந்தக் குழந்தையின் ரிப்போர்ட்டிலும் ஒரு வரியை நான் விட்டதில்லை: "இந்த ஸ்கேனை வைத்து மட்டும் அடைப்பு இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம். மலம் வெளுத்திருந்தால் உடனே குழந்தைகள் நல மருத்துவரைப் பார்க்கவும்." அதே வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, லிப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் என் வீட்டு மணியை அடியுங்கள். குழந்தையின் துணியோடு வந்தாலும் சரி, முகம் சுளிக்க மாட்டேன்.